தொப்புள் கல்

இந்த வாசலைக் கட்டியவன் யாரையும் நம்பாதவனாக இருந்திருக்க வேண்டும். தெருக்கதவைத் தள்ளினால் எதிரே ஒரு சுவர், சுவரை ஒட்டி இடப்பக்கம் ஒரு திருப்பம், திருப்பம் முடிகிற இடத்தில் கனத்த தோல் திரை, அதையும் விலக்கினால்தான் கூடம். தெருவில் போகிறவனின் கண் உள்ளே நுழைந்துவிடக் கூடாதாம். போன வருஷம் வகுப்பில் இதே மாதிரி ஒரு வாசலை வரைந்து, பார்வை இங்கே முறிகிறது என்று அம்புக்குறி போட்டு எழுதி, பேராசிரியரிடம் நல்ல பெயர் வாங்கினேன். வரைகிறபோது அது ஒரு கோடு, அவ்வளவுதான். இப்போது எனக்கு முன்னால் போன ஜைத்தூன் மாமி அந்தத் திருப்பத்தில் மறைந்ததும், தெருவும் இல்லாமல் கூடமும் இல்லாமல் அந்தச் சந்தில் ஒரு மூச்சு நேரம் நான் மட்டும் நின்றதும், அப்படியே திரும்பி இறங்கி டிராமைப் பிடித்துவிட்டால் என்ன என்று கால் கேட்டது. "ஏத்தா சுமையா, எங்க நின்னுட்ட? செருப்ப எங்க விடணும்னு கேளு." மாமியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாதாரணமாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மாமி இன்னும் எனக்கு மாமியார் ஆகவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்துதான் நிக்காஹ். உத்தமபாளையத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார், மொத்த விலைக்குத் தலைத்துணி எடுக்க மகன் ஜுபைரோடு இஸ்தான்புல்லுக்கு வந்திருக்கிறார், இங்கே கட்டடக்கலை படிக்கிற நான் கடை கடையாகக் கூடப் போய் மொழிபெயர்க்கிறேன். இதுவரைக்கும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் நேற்றுச் சாப்பாட்டு மேசையில், ஜுபைர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு அந்தக் குளிக்கிற எடத்துக்குப் போவோம்த்தா, நீயும் நானும் மட்டும்" என்றார். ஜுபைர் சிரித்தார். "ஹமாமா? நம்மூர்ல சோப்புக்குல்லம்மா அந்தப் பேரு?" மாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன். நீயும் நானும் மட்டும். அந்த மட்டும் எதற்கு? ஜுபைர் பெண்கள் குளிக்கிற இடத்துக்கு வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, பிறகு அதைத் தனியாக ஏன் சொல்ல வேண்டும்? தப்பு என்னுடையதுதான். நிச்சயம் ஆன புதிதில் மாமியோடு வீடியோ காலில் என்ன பேசுவதென்று தெரியாமல், மெதுவாகப் பேசுகிற எனக்குப் படித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் நிற்காது, அந்தக் காலத்தில் இந்த ஊரில் பையனைப் பெற்ற அம்மாக்கள் ஹமாமுக்குப் போய்த்தான் பெண் பார்ப்பார்கள் மாமி, அங்கே யாரும் எதையும் மறைக்க முடியாது பாருங்கள், நடை, முடி, தோல், பல், முதுகு, எல்லாவற்றையும் ஆவிக்குள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்கவே போவார்கள், என்று பாடம் எடுத்தேன். "நல்ல ஏற்பாடாத்தான் இருக்கு" என்றார் மாமி. கயிற்றை நானே திரித்து, நானே முடிச்சுப் போட்டு, நானே கையில் கொடுத்திருக்கிறேன்.

கூடம் பெரியது. உள்ளே வந்தவர்கள் உடை மாற்றி, குளித்து முடித்து, ஆறி, தேநீர் குடித்துப் போக ஒரு கூடம். நடுவில் ஒரு பளிங்கு நீரூற்று, சுற்றிலும் மரத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள், மேலே மாடமும் அப்படியே. அந்த நீரூற்று சும்மா அழகுக்கு இல்லை, பேசுவது பக்கத்து ஆளுக்குக் கேட்காமல் இருக்கத்தான் என்று ஒரு நாள் எங்கேயோ படித்தேன், உண்மையோ பொய்யோ, இப்போது அது நல்ல யோசனையாகத் தெரிகிறது. இங்கே தேய்த்துவிடுகிற நெர்மின் அப்லா, அதாவது நெர்மின் அக்கா, இரண்டு சிவப்புக் கட்டத் துண்டுகளை நீட்டினாள். அவளை எனக்குத் தெரியும், படிப்புக்காக இந்தக் கட்டடத்தை அளவெடுக்கப் போன மாதம் வந்தபோது தேநீர் கொடுத்தாள். பெயர் கேட்டாள். மாமி தன் பெயரைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னவாம் அவளுக்கு?" "இவங்க மொழியிலயும் அதுக்கு ஆலிவ்னுதான் மாமி அர்த்தம்." "அப்ப காலையில ஹோட்டல்ல தட்டுல வச்சது பூராவும் நாந்தானா?" என்று மாமி சொல்ல, நான் அதை மொழிபெயர்க்க, நெர்மின் அப்லா மாமியின் தோளில் அடித்துச் சிரித்தாள். நான் மரத்தடுப்புக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். துண்டை மார்புக்கு மேலே சுற்றி, பாவாடையைத் தூக்கிக் கட்டுகிற மாதிரி இறுக்கி முடிந்தேன். இடது கையை உள்ளே விட்டுத் தடவினேன். இருக்கிறது. எங்கே போகும்? விலா எலும்புக்குக் கீழே முதுகிலிருந்து ஆரம்பித்து, சரிந்து, முன்பக்கம் வந்து நிற்கிற ஒரு சாண் தழும்பு. ஓரங்களில் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, தொட்டால் யாரோ துணியின் மேல் தொடுகிற மாதிரி. அண்ணன் அனீஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போனபோது அம்மாவுக்குச் சர்க்கரை, அத்தா உயிரோடு இல்லை, எனக்குத்தான் பொருந்தியது. பொருந்தியது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பரீட்சையில் தேறிய மாதிரி. அம்மாவுக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டு, "வாயத் தொறக்காதத்தா. ஒத்தக் கிட்னிக்காரிய யாரு கட்டுவா? புள்ள தங்குமாம்பாக, வம்சத்துக்கே சீக்காம்பாக. கல்யாணம் முடியட்டும், பொறவு மாப்பிள்ளைகிட்ட நானே சொல்றேன்" என்றார். பிள்ளை தங்கும், ஒன்றே போதும், தண்ணீர் நிறையக் குடி, வலி மாத்திரை போடாதே, அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதை அம்மாவும் கேட்டார். ஊர் டாக்டர் பேச்சையா கேட்கும்? அண்ணனுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, மதுரையில் வைத்துப் பார்த்தோம். ஊருக்குச் சொன்னது அது. ஜுபைருக்குச் சொன்னதும் அதுதான்.

வேறு வழி இருந்தது. மாதவிலக்கு, தொழுகை இல்லாத நாள் மாமி, குளிக்க வரமுடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் மத்தியானம் பெரிய பள்ளிவாசலைப் பார்க்கப் போன இடத்தில், லுஹர் நேரமாச்சு வாத்தா என்று கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் கூட்டிப்போனதே மாமிதான், பக்கத்தில் தோளோடு தோள் நின்று தொழுதாயிற்று. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு யோசித்தால், முதலில் தொழவைத்துவிட்டு அப்புறம் இங்கே கூட்டிவந்திருக்கிறார் என்று தெரிகிறது. திட்டமா? சும்மா தொழுதோம், சும்மா வந்தோம் என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் முந்தாநாள் கடைத்தெருவில் நடந்து நடந்து கால் வீங்கியபோது, "இந்தா, இந்த மாத்திரையைப் போடு, வலி பறந்துரும்" என்று நீட்டி, நான் ஒத்துக்காது மாமி என்றதும், ஏன் என்று கேட்காமல் பையில் திரும்பப் போட்டுக்கொண்டதை எப்படி வைத்துக்கொள்வது? ஏன் என்று கேட்பதுதானே இயல்பு? கேட்காதவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை, கேட்காதவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலை நான் வாங்கிக்கொண்டே இருந்தபோது, "ஒட்டகம் மாதிரி குடிக்கிறியேத்தா" என்றாரே. அது கேலியா, கணக்கா? மாமி துணி வாங்குகிற விதத்தை இந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. கடைக்காரன் பூப்போட்ட பக்கத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பான், மாமி சிரித்துக்கொண்டே ஓரத்தைப் பிடித்துப் புரட்டி, உள்பக்க நூலை விரலால் நிரடி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார். "கதவு சிக்கிக்கிச்சாத்தா?" என்றார் வெளியிலிருந்து. "வந்துட்டேன் மாமி."

உள்ளே போகப் போக கதவுகள் தாழ்ந்துகொண்டே போகின்றன. சூடு தப்பிப்போகாமல் இருக்கத்தான், அதுவும் எனக்குத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் தலையைக் குனிந்து குனிந்து போகும்போது யாருக்கோ சலாம் வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இளஞ்சூட்டு அறையில் கொஞ்சம் உட்கார்ந்தோம், உடம்பு பழகட்டும் என்று. மரக்கட்டைச் செருப்பு, குதிகால் உயரம், வழுக்கியது. மாமி சுவரில் கை வைத்துப் பார்த்தார். "செவுரு எப்படித்தா சுடுது? கரண்ட்டா?" இல்லை மாமி, அந்தப் பின்பக்கம் கீழே ஒரு அடுப்பு இருக்கிறது, இப்போது கேஸ், அந்தக் காலத்தில் விறகு, தரைக்குக் கீழே பூராவும் காலி, தூண் தூணாக நிறுத்தி மேலே பளிங்கு பாவியிருக்கிறார்கள், தீயின் சூடு தரைக்கடியில் ஓடி சுவருக்குள் இருக்கிற குழாய் வழியாக மேலே போகும் என்று சொன்னேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. "அப்ப நம்ம நிக்கிறது நெருப்புக்கு மேல." "ஆமா மாமி." "வெளிய ஒன்னும் தெரியலையே." "தெரியாது மாமி." என்னைப் பார்த்தார். எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்? சின்ன வயதில் நன்னா, என் அம்மாவின் அத்தா, மாட்டுத் தரகர், சந்தைக்குப் போய்வந்த கதையைக்கூட ராஜா ராணி வைத்துத்தான் சொல்லுவார். அவர் கதையில் ஒரு வணிகனின் புது மனைவி மற்ற பெண்களோடு குளிக்க வரவே மாட்டாள், தனியாக, கதவு சாத்திக்கொண்டு. நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. சாவித் துவாரத்தில் பார்த்தால் முதுகு பூராவும் மீன் செதில். அப்புறம் என்னாச்சு நன்னா என்று கேட்டால், "அவ பாத்ததும் இவ ஆத்துல எறங்கிப் போயிட்டா, வேற என்ன ஆகும்" என்று பீடியைப் பற்றவைப்பார். யாரும் துரத்தினார்களா? இல்லை. வணிகன் திட்டினானா? இல்லை. பார்த்தாயிற்று, அதனால் போயாயிற்று. அந்தக் கதையில் எனக்கு அப்போதெல்லாம் புரியாத ஒன்று, அந்த நாத்தனார் பார்த்ததை யாரிடமும் சொன்னாளா என்பது. நன்னா அதைச் சொல்லவே இல்லை.

வெந்நீர்க் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம். மேலே பெரிய கும்மட்டம், அதில் வட்ட வட்டமாகத் துளைகள், துளைக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். யானைக்கண் என்பார்கள் இங்கே. ஜன்னல் என்று ஒன்றும் கிடையாது; வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, ஆனால் மேலேயிருந்து அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு வெளிச்சக் குழாய் ஆவியில் சாய்ந்து இறங்கியது. நடுவில் எண்கோணமாக அந்தப் பளிங்கு மேடை, தொப்புள் கல். எந்த ஹமாமிலும் அதுதான் நடு, அதற்கு நேர் கீழேதான் சூடு அதிகம். சுற்றிலும் சுவரோரம் பளிங்குத் தொட்டிகள், தொட்டிக்கு இரண்டு குழாய், அடியில் அடைப்பு கிடையாது, துளையும் கிடையாது, நிறைந்து வழிந்து தரையோடு போகும். தேங்கிய தண்ணீரில் முங்கிக் குளிப்பது இவர்களுக்கும் ஆகாது நமக்கும் ஆகாது, ஓடுகிற தண்ணீர்தான் சுத்தம். "நம்ம முல்லையாறு மாதிரித்தான்" என்று மாமி திருப்திப்பட்டார். மூலையில் இரண்டு பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு நாள் முழுக்க இங்கேயே இருப்பார்களாம், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து, பிள்ளை பெற்றவள் நாற்பதாம் நாள் குளிக்க வருவாள், கல்யாணப் பெண்ணைத் தோழிகள் பாட்டுப் பாடி இந்தக் கல்லைச் சுற்றி நடத்திவருவார்கள், துக்கத்திலிருந்தவளைக் கூட்டிவந்து தலைக்கு ஊற்றி ஊருக்குள் திரும்பச் சேர்ப்பார்கள், வீட்டைவிட்டு வெளியே போகிற ஒரு பெண்ணிடம் யாரும் போகாதே என்று சொல்லமுடியாத இடம் இது ஒன்றுதான். யார் மாசமாக இருக்கிறாள், யாரை அவள் புருஷன் அடிக்கிறான், யாருக்குச் சீக்கு, எல்லாம் இங்கேதான் தெரியவரும். வகுப்புக்கு இதை எழுதும்போது எவ்வளவு நல்ல இடம் என்று எழுதினேன். எல்லாம் தெரியவரும் இடம் எப்படி நல்ல இடமாகும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. மாமி தன் துண்டை இடுப்பில் தாழ்த்திக் கட்டிக்கொண்டு, கூச்சமே இல்லாமல், கொழுத்த கைகளைத் தட்டிக்கொண்டு தொப்புள் கல்லில் ஏறி மல்லாந்தார். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவே மூடியிருந்தால் பெண்களுக்குள் போதும், மார்க்கமே அப்படித்தான் சொல்கிறதாம், "நீ என்னத்தா மம்மி மாதிரி சுத்திக்கிட்டு உக்காந்திருக்க?" என்றார். "குளிருது மாமி." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். மூடினாரா, பாதி மூடினாரா?

நெர்மின் அப்லா முதலில் மாமியைத் தேய்த்தாள். சொரசொரப்பான கையுறை போட்டு, தோளிலிருந்து விரல் வரை நீட்டி இழுத்தாள், அழுக்கு சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டது. "யாத்தே, பாரு பாரு, உத்தமபாளையம் மொத்தமும் எறங்குது" என்று மாமி கத்த, கும்மட்டம் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது, றங்குது றங்குது என்று. இந்தக் கும்மட்டத்தின் வளைவு சின்னச் சத்தத்தையும் சுவரோடு நடத்திக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். மாமி எதைச் சொன்னாலும் இந்த இடம் இரண்டு தரம் சொல்லும். சோப்பு நுரையைத் துணிப்பையில் ஊதி, மேகம் மாதிரி மாமியின் மேல் இறக்கி, செம்புக் கிண்ணத்தால் தண்ணீரை அடித்து ஊற்றி, "முடிந்தது ஆலிவ்" என்று முதுகில் தட்டி அனுப்பினாள். அடுத்தது நான். மாமி எழுந்து போய்த் தொட்டியோரம் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தொடங்கினார், முகம் என் பக்கம். ஏன் என் பக்கம்? அந்தப் பக்கமும் ஒரு தொட்டி இருந்தது. நான் நெர்மின் அப்லாவிடம் துருக்கியில், மெதுவாக, கை மட்டும் போதும் அப்லா, எனக்குக் கூச்சம் என்றேன். "இங்கே என்ன கூச்சம், உன்னை மாதிரி ஆயிரம் பேரைப் பார்த்தாயிற்று" என்று அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே, குழந்தையைப் புரட்டுகிற மாதிரி என்னைக் குப்புறப் புரட்டினாள், துண்டின் முடிச்சு அவிழ்ந்து இடுப்புவரை இறங்கியது. வயிற்றுக்குக் கீழே கல் சுட்டது. கன்னத்தைக் கல்லில் வைத்தேன். இப்போது முதுகில் ஆவி, ஆவியில் வெளிச்சம், வெளிச்சத்தில் அது. கையுறை தோளில் இறங்கி, நடு முதுகில் இறங்கி, இடது பக்கம் வந்து நின்றது. நின்றேவிட்டது. தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு கையுறை இல்லாத விரல் ஒன்று தழும்பின் ஓரத்தில், மரத்துப்போன இடத்தில், தொட்டும் தொடாமல் போனது. "சிறுநீரகமா?" என்றாள். "என் தங்கைக்கு முன்னால் அடிவயிற்றில் வெட்டினார்கள். அவளுக்கு வைத்தார்கள். உனக்கு எடுத்தார்களா? யாருக்குக் கொடுத்தாய் பெண்ணே?" கும்மட்டம் அதையும் இரண்டு தரம் கேட்டது. தொட்டியோரம் கிண்ணத்தின் சத்தம் நின்றது. "என்னத்தா கேக்குறா?"

இந்த ஊரில், இந்தக் கூடத்தில், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது என் நாக்கு ஒன்றுதான். மாமிக்கு நான் எதைச் சொல்கிறேனோ அதுதான் நெர்மின் அப்லா கேட்டது. ஒரு வாரமாகக் கடைகளில் அதைத்தானே செய்தேன், கடைக்காரன் கெட்ட வார்த்தை சொன்னால் அவருக்கு இந்த விலை கட்டுப்படியாகாதாம் மாமி என்றேன். "சோப்பு எரியுதான்னு கேக்குறாங்க மாமி." சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். "எரியுதா?" என்றார் மாமி. "இல்ல மாமி." "இல்லேன்னு சொல்லிரு." நான் நெர்மின் அப்லாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்திருப்பாள் போல, பிறகு ரொம்ப மெதுவாக, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேய்த்து, வெதுவெதுப்பாக ஊற்றிவிட்டு, துண்டை இழுத்து என் தோள்வரை மூடிவிட்டுப் போனாள். மரச்செருப்புச் சத்தம் என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாமி கல்லில் ஏறி உட்கார்ந்தார், தலைமுடி சொட்டச் சொட்ட. "அனீஸு இப்ப நல்லாருக்கானா?" என்றார். "நல்லாருக்கான் மாமி." "ஒத்துக்கிச்சா, நீ குடுத்தது?" கல்லுக்குள்ளிருந்து வருகிற சூடு காதுக்குள் போனது. எழுந்து உட்கார்ந்தேன், துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு. மாமி என்னைப் பார்க்கவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீரில் சுருங்கிப்போன உள்ளங்கை. "கடைக்கு வர்ற கூடலூர்ப் பொம்பள ஒருத்தி, அவ மாப்பிள்ளையும் அந்த ஆசுபத்திரியிலதான் கெடந்தான். உங்கம்மா வராண்டாவுல ஒக்காந்து அழுதத அவ பாத்திருக்கா. நிச்சயம் பேசுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்த்தா." "அப்புறம் ஏன் மாமி..." "ஏன் சரின்னேன்னு கேக்குறியா? கூடப் பொறந்தவனுக்கு அறுத்துக் குடுத்தவ, கட்டுனவன நட்டாத்துல விடமாட்டான்னு ஒரு நெனப்புதான்." அழுகை வந்துவிட்டது எனக்கு. இத்தனை மாதம் நினைத்து நினைத்து இறுக்கி வைத்ததெல்லாம் அவிழ்ந்து, இவரையா சந்தேகப்பட்டேன், மாத்திரையைக் கேள்வி கேட்காமல் திரும்ப வாங்கிக்கொண்டவரையா என்று மூக்கை உறிஞ்சினேன். மாமி ஒரு கிண்ணம் தண்ணீரை என் தலையில் ஊற்றினார், மெதுவாக, நெற்றியில் கை வைத்துக் கண்ணில் படாமல். "ஜுபைருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். அவன் கோழ, ஊசியப் பாத்தாலே மயங்கிருவான். இது ஒனக்கும் எனக்கும் உள்ளது. உங்கம்மாகிட்டயும் சொல்லிரு, வாயத் தொறக்க வேணாம்னு." இன்னொரு கிண்ணம். "பொறவு, படிப்பு முடிஞ்சதும் பேசாம கடைக்கு வந்துரு. இங்க வேல, அங்க வேலன்னு பேசிக்கிட்டிருந்தீகளாமுல்ல ரெண்டு பேரும், அதெல்லாம் எதுக்கு? ஒடம்பப் பாத்துக்க வேணாமா? நானே அவன்கிட்டச் சொல்லிக்கிறேன், சுமையாவே வேணாம்னுருச்சுன்னு." மூன்றாவது கிண்ணம் வெந்நீராகத்தான் இருந்தது, எனக்கு முதுகு சில்லிட்டது. மதுரையில் பழைய மண்டபங்களைப் புதுப்பிக்கிற ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. போ என்று ஜுபைர் சொல்லியிருந்தார், அவரே வீடு பார்க்கிறேன் என்றும். அதைத் தண்ணீரோடு தண்ணீராக ஊற்றிவிட்டார் மாமி. கோபமே இல்லை அவர் குரலில். பாசம்தான் இருந்தது, நிஜமான பாசம்தான் என்றும் எனக்குத் தோன்றியது. உள்பக்கம் நூல் அறுந்த துணியை மாமி திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. வைத்துக்கொள்வார். அறுந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டேதான் அதற்கப்புறம் பேசுவார். இன்றைக்கு வேலை. நாளைக்கு எதுவோ. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை, என் இடது பக்கம் ஒரு பார்வை போதும். அம்மாவிடம் ஒரு ரகசியம் இருந்தது, பாரம்தான், ஆனால் அது எங்கள் பாரம். இப்போது அதற்கு ஒரு முதலாளி வந்துவிட்டார்.

"நான் சொல்லிடுறேன் மாமி." என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அந்தக் கும்மட்டம் எதையும் விடாது. "யாருகிட்ட?" "அவங்ககிட்ட." "கூறுகெட்டுப் போச்சா? நாந்தான் இருக்கேன்ல?" "நீங்க இருக்கீங்க மாமி. அதான்." கிண்ணம் கல்லில் வைக்கிற சத்தம். "சொல்லி, அவன் வேணாம்னுட்டான்னா? உங்கம்மா மொகத்துல எப்படி முழிப்ப? பத்திரிகைக்குச் சொல்லியாச்சு, மண்டபத்துக்குச் சொல்லியாச்சு." எழுந்தேன். மரச்செருப்பு வழுக்கியது, சுவரைப் பிடித்தேன், சுவர் சுட்டது. ஆரஞ்சு தின்ற பாட்டிகள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். தாழ்ந்த வாசலில் குனிந்தேன், இளஞ்சூட்டு அறை, இன்னொரு வாசல், இன்னொரு குனிவு, இந்தப் பக்கம் வரும்போது வாசல்கள் உயர்ந்துகொண்டே வந்தன, நிஜமாகவே உயரமா, இல்லை என் அவசரமா தெரியவில்லை. கூடத்துக் குளிர்ச்சி ஈரத்தில் ஊசியாகக் குத்தியது. மர அறைக்குள் போய்ப் பையைக் கவிழ்த்து போனை எடுத்தேன். விரல் நுனி எல்லாம் ஊறிச் சுருங்கியிருந்ததால் போன் என்னை அடையாளம் தெரியாது என்றது. துடைத்து வைத்தேன், தெரியாது என்றது. எண்களைப் போட்டுத் திறந்தேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் விட்டால் என்ன, மாமி கெட்டவர் இல்லையே, எத்தனையோ பெண்கள் இதைவிடப் பெரிய விலைக்கு இருந்துவிட்டுப் போகிறார்கள், மதுரை மண்டபத்தை நான் போய்த்தான் தூக்கி நிறுத்த வேண்டுமா என்று ஒரு குரல், அது அம்மாவின் குரல் மாதிரி இருந்தது, என் குரல்தான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமி அதற்குள் வந்துவிட்டார், தலையில் துண்டு சுற்றி, எதிர்ப் பெஞ்சில். நெர்மின் அப்லா ஒன்றும் கேட்காமல் நடுவில் இரண்டு தேநீர் வைத்துவிட்டு விலகினாள். ஜுபைரின் எண்ணை அழுத்தினேன், மணி போனது. "என்ன, அதுக்குள்ள குளிச்சு முடிச்சாச்சா? அம்மா வழுக்கி விழலையே?" என்றார் ஜுபைர், சிரிப்போடு. பின்னால் தெருச் சத்தம்.

"ஒன்னு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாதீங்க." "சொல்லு." சொன்னேன். ஒரே மூச்சில், மெதுவாக, காமாலை இல்லை, சிறுநீரகம், அண்ணனுக்கு, என்னுடையது, இடது பக்கம், எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன், உங்களிடம் மறைத்தோம். நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மாமி தேநீரைத் தொடவில்லை. அந்தப் பக்கம் தெருச் சத்தம் மட்டும், ஒரு சைக்கிள் மணி, யாரோ ஒரு வியாபாரியின் கூவல். "ஜுபைர்?" "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். எப்போது என்று கேட்கவில்லை, வலித்ததா என்று கேட்கவில்லை, ஏன் மறைத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா. போன் சத்தம் அதிகம் வைத்திருந்தேன் போலிருக்கிறது, மாமிக்கும் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், இல்லை என்று சொல் என்று, லேசாக, கடையில் வேலைக்காரப் பெண்ணுக்குக் கண்ணால் சைகை காட்டுகிற மாதிரி, நான் கீழ்ப்படிவேன் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லாமல். "தெரியும்" என்றேன். "நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியுமாம். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னாங்க. சொல்லாம இருந்தா நான் வேலைக்குப் போகாம கடையில இருக்கணும்னாங்க." மாமியின் தலை நின்றது. ஜுபைர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, நீளமாக. "அங்கேயே இருங்க. நான் வர்றேன்." அத்தோடு வைத்திருப்பார். நானும் வைத்திருப்பேன், எப்போதும் அப்படித்தான், அவர் சொன்னால் சரி என்று வைத்துவிடுவேன். "யாருகிட்டப் பேச வர்றீங்க?" என்றேன். "என்ன கேள்வி இது?" "மாமிகிட்டப் பேச வர்றீங்களா, என்கிட்டப் பேச வர்றீங்களா? அதச் சொல்லிட்டு வாங்க." அந்தப் பக்கம் சத்தமே இல்லை, தெருவும் நின்றுவிட்ட மாதிரி. மாமி பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தார், துண்டிலிருந்து நழுவிய முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது, அதை ஒதுக்கக்கூடத் தோன்றாமல் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.